மூவாரைச் சூழ்ந்த புகை



ஓர் ஊரின் வரலாறு என்றால், அதை ஆண்டவர் யார், அங்கே நடந்த போர் எது, எப்போது பாலம் கட்டினார்கள், எப்போது பள்ளிக்கூடம் திறந்தார்கள் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அந்த ஊரார் சுவாசித்த காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நாளில்தான் அதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம்.

அப்படிக் காற்று கண்ணுக்குத் தெரிந்த ஒரு நாள், 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஜொகூர் மாநிலத்தின் வடமேற்குக் கரையில், ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ள மூவார் பட்டணம் அன்று விடியவே இல்லை என்று சொல்லலாம். காலை 7 மணிக்குக் காற்றின் தூய்மைக்கேட்டைக் காட்டும் குறியீடு 746 என்று பதிவாயிற்று. இந்தக் குறியீட்டை மலாயில் ஐ.பி.யு. என்கிறோம். அது 50க்குள் இருந்தால் நல்ல காற்று. 100 வரை நடுத்தரம். 100ஐத் தாண்டினால் உடலுக்குக் கெடுதல். 200ஐத் தாண்டினால் மிகவும் கெடுதல். 300ஐத் தாண்டினால் ஆபத்து. 500ஐத் தாண்டினால் அவசர நிலை. மூவாரில் அன்று 746! மூவார், லேடாங் ஆகிய இரு மாவட்டங்களிலும் அன்றே அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 25ஆம் தேதி காற்று தெளிந்த பிறகுதான் அது நீக்கப்பட்டது. அன்றைய லேடாங் மாவட்டம் இன்று தங்காக் என்று வழங்குகிறது.

இங்கே நாம் ஒன்றைக் கேட்க வேண்டும். மூவாரில் பெரிய உருக்காலை இல்லை. மலை போல் புகை கக்கும் மின்நிலையமும் இல்லை. மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளும், ஆற்றங்கரைக் கடைகளும், சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் உள்ள ஊர் அது. அப்படிப்பட்ட சிறு பட்டணத்தில், நாட்டின் தலைநகரில்கூட இல்லாத அளவுக்குப் புகை வந்து நின்றது ஏன்? இதற்கு விடை காண வேண்டுமானால் மூன்று பொருள்களை நாம் ஆராய வேண்டும். ஒன்று நிலம். இரண்டாவது பருவம். மூன்றாவது மனிதனின் கை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பிள்ளைகளின் பள்ளிப் படப்புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரைக்கு எதிரே, மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமாத்திராத் தீவு நீண்டு கிடக்கிறது. மூவாருக்கு நேர் தென்மேற்கே, நீரிணையின் மறுகரையில் இருப்பது ரியாவ் மாநிலம். மூவாரிலிருந்து அந்தக் கரைக்கு 100 கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் மலை இல்லை, காடு இல்லை. தட்டையான கடல் மட்டுமே. அங்கே எழும் புகையை வழியில் தடுத்து நிறுத்த ஒன்றுமே கிடையாது.

ரியாவின் கரையோர நிலம் சாதாரண மண் அல்ல. மலாயில் 'தானா காம்புட்' என்று சொல்லும் கரிமண் அது. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சதுப்புக் காட்டில் விழுந்த இலையும் கிளையும் வேரும், நீரில் ஊறியே கிடந்ததால் முழுதும் மக்காமல், அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டான மண். சில இடங்களில் அதன் ஆழம் 10 மீட்டருக்கும் மேல். நீர் நிறைந்திருக்கும் வரை அதற்குத் தீயால் ஆபத்தில்லை. கான் வெட்டி நீரை வடித்துவிட்டாலோ, அது காய்ந்த விறகுக்குச் சமம். மேலே வைத்த தீ அணைந்துவிட்டது போலத் தோன்றும். உள்ளே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஈர விறகு அடுப்பில் கனலும்போது எவ்வளவு புகை வரும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கொழுந்துவிட்டு எரியும் தீயின் புகை மேலே எழும். கனலும் தீயின் புகையோ தாழ்வாகவே பரவும். கரிமண்ணின் புகை இத்தகையது.

இப்போது பருவத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் இரண்டு பருவக்காற்றுகள் வீசுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அது தென் சீனக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளி வந்து கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் மழையாகக் கொட்டும். மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இந்தக் காற்று சுமாத்திராவைத் தாண்டித்தான் நம்மிடம் வர வேண்டும். சுமாத்திராவின் மேற்குக் கரை நெடுகிலும் புக்கிட் பாரிசான் என்ற மலைத்தொடர் சுவர் போல் நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான கெரிஞ்சி 3,805 மீட்டர். இந்துமாக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சுவரில் மோதி, தன் மழையில் பெரும்பகுதியை அந்தப் பக்கமே பொழிந்துவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஈரம் குறைந்த காற்று. அது ரியாவின் கரிமண்ணைக் காய வைக்கிறது. அங்கே தீ மூண்டால் அந்தப் புகையை வாரிக்கொண்டு நீரிணையைக் கடந்து நம் கரைக்கு வருகிறது. மழை அங்கே, புகை இங்கே. இதுதான் தென்மேற்குப் பருவத்தின் கணக்கு.

இதற்கு ஒரு சான்று சொல்கிறோம். ரியாவில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் உலர்ந்த காலம் ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு அந்த மாதங்களில் அங்கே பெருந்தீ மூண்டது. ரியாவின் தலைநகரான பெக்கான்பாரு புகையில் தவித்தது. ஆனால் அப்போது வீசியது வடகிழக்குக் காற்று. ஆகவே அந்தப் புகையில் பெரும்பகுதி சுமாத்திரா மக்களையே வருத்தியது. மூவாருக்கு முந்திய ஆண்டு நேர்ந்த கதி அந்த மார்ச் மாதத்தில் நேரவில்லை. காற்றின் திசையே யார் மூச்சு முட்ட வேண்டும் என்பதை முடிவு செய்தது.

காற்றின் திசை சற்றே மாறினாலும் ஊர் மாறிவிடும். 2013ஆம் ஆண்டிலேயே, ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில்தான் புகை உச்சத்தில் இருந்தது. அங்கே கணக்கிடப்படும் குறியீடு 401ஐத் தொட்டது. இரண்டே நாளில் சிங்கப்பூரில் காற்று தெளிந்தது. மூவாரில் இருள் சூழ்ந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி, கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அதே நீரிணை, அதே பருவம்; தீ எழுந்த இடத்தையும் காற்றையும் பொறுத்து ஊர் மட்டும் வேறு. போர்னியோவிலும் இதே கதைதான். 1997 செப்டம்பரில் கலிமந்தானில் எரிந்த தீயின் புகை சரவாக்கில் புகுந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி அங்கே அவசர நிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் குறியீடு 839 வரை ஏறியது.

1997இல் நிலைமை அவ்வளவு மோசமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பசிபிக் மாக்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தை விடச் சூடேறும். இதை எல் நினோ என்கிறார்கள். அப்போது மழை மேகங்கள் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். நம் பக்கம் வறட்சி நீளும். 1982-83, 1997-98, 2015 ஆகிய ஆண்டுகள் அப்படிப்பட்டவை. 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 இலட்சம் ஹெக்டர் நிலமும் காடும் எரிந்தன என்று உலக வங்கி கணக்கிட்டது. நம் நாட்டில் பள்ளிக்கூடங்களை மூட வேண்டியதாயிற்று. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மூவார் இருண்ட 2013, எல் நினோ ஆண்டு அல்ல. நீர் வடிக்கப்பட்ட கரிமண் எரிவதற்குப் பெரும் வறட்சி தேவையில்லை. சில வாரங்கள் மழை இல்லாமல் போனாலே போதும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

பருவத்தைப் போலவே, ஒரு நாளின் பொழுதும் காற்றின் தரத்தை மாற்றுகிறது. பகலில் வெயில் தரையைச் சூடாக்கும். சூடான காற்று மேலே எழும். அதோடு புகையும் கலைந்து மேலே போகும். இரவில் தரை குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று மூடி போட்டது போல் நிற்கும். புகை அந்த மூடிக்குக் கீழே அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே காற்று அசையாத இரவுக்குப் பின், விடியற்காலையில் புகை தாழ்வாகவும் அடர்த்தியாகவும் இருப்பது வழக்கம். பால் மரம் வெட்டப் போகும் நேரமும் அதுதான். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்கள் அந்த நாட்களில் எதைச் சுவாசித்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் முழுமைக்கும் எடுத்த கணக்கு நடுத்தரம் என்று சொன்னாலும், விடியற்காலையில் வேலை செய்பவரின் நெஞ்சுக்குள் போவது நடுத்தரமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த மூடிக் காற்று எவ்வளவு கொடியது என்பதை உலகம் 1948ஆம் ஆண்டில் கண்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டொனோரா என்று ஒரு சிறு பட்டணம். அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 14,000 பேர். மலைகளுக்கு இடையே, ஆற்று வளைவில் அமைந்த ஊர் அது. துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் அங்கே இருந்தன. அந்த ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், குளிர் தொடங்கும் பருவத்தில், மூடிக் காற்று பள்ளத்தாக்கின் மேல் வந்து நின்றது. ஐந்து நாட்கள் அது நகரவில்லை. ஆலைப் புகை முழுவதும் ஊருக்குள்ளேயே தேங்கியது. 20 பேர் மாண்டனர். சுமார் 6,000 பேர் நோயுற்றனர். கடைசியில் மழை வந்துதான் அந்த ஊரைக் கழுவியது. அமெரிக்காவில் காற்றைக் காக்கும் சட்டங்கள் பிறப்பதற்கு இந்தத் துயரமும் ஒரு காரணமாயிற்று.

டொனோராவையும் மூவாரையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஆற்றங்கரைப் பட்டணங்கள். இரண்டிலும் நிலமும் பருவமும் சேர்ந்து புகையைத் தேக்கின. ஆனால் டொனோராவை வருத்திய புகை அந்த ஊர் ஆலைகளிலிருந்தே வந்தது. மூவாரை வருத்தியது கடல் கடந்து வந்த புகை. டொனோராக்காரர்கள் தங்கள் ஊர் ஆலை வாசலில் போய் நியாயம் கேட்கலாம். மூவார்க்காரர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் 2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோலாலம்பூரில், எல்லை கடந்த புகைமூட்டத்தைப் பற்றி ஆசியான் நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2003இல் அது நடப்புக்கு வந்தது. தீ அதிகம் எழும் இந்தோனேசியா அதை உறுதி செய்ய 2014ஆம் ஆண்டு ஆயிற்று. அதே 2014இல் சிங்கப்பூர், தன் காற்றைக் கெடுக்கும் நிறுவனம் வெளிநாட்டில் தீ வைத்தாலும் அதன் மேல் வழக்குத் தொடர வகை செய்யும் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆயினும் 2019 செப்டம்பரில் மீண்டும் புகை வந்தது; மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன. ஒப்பந்தம் ஏட்டில் இருப்பது ஒன்று. கரிமண்ணில் நீர் இருப்பது வேறொன்று.

இனி மூன்றாவது பொருளான மனிதனின் கைக்கு வருவோம். மலையையும் நீரிணையையும் பருவக்காற்றையும் நம்மால் மாற்ற முடியாது. அவை புகைக்கு வழி அமைக்கின்றன, அவ்வளவுதான். தீயை மூட்டுபவன் மனிதன். காட்டை அழித்து நிலம் திருத்துவதற்குத் தீயைப் போல் மலிவான ஆள் கிடையாது. கான் வெட்டி நீரை வடித்த நிலத்தில் அந்தத் தீ பெருநிறுவனத்துக்காக வைக்கப்பட்டாலும், சிறு விவசாயி தன் வயிற்றுக்காக வைத்தாலும், கரிமண் ஒரே மாதிரிதான் எரிகிறது.

ஆனால் அக்கரையை மட்டும் குற்றம் சொல்லி நாம் நிறுத்திவிட்டால் வரலாற்றில் பாதியை மறைத்தவர்கள் ஆவோம். நம் நாட்டுத் தோட்டங்கள் எப்படிப் பிறந்தன? 1896ஆம் ஆண்டு மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்ற இடத்தில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பரைப் பயிரிட்டார். பிறகு தீபகற்பம் எங்கும் காடுகள் தோட்டங்களாயின. காட்டு மரத்தை வெட்டிச் சாய்த்து, வெயிலில் காய விட்டு, தீ வைத்து, சாம்பல் ஆறிய பிறகு கன்று நட்டார்கள். அந்தத் தீயை வைத்த கைகளில் நம் பாட்டன்மாரின் கைகளும் உண்டு. துரை சொன்னார், கங்காணி அழைத்தார், அவர்கள் செய்தார்கள். மறுநடவிலும் பழைய மரங்களை எரிப்பதே வழக்கமாயிருந்தது. அந்தப் புகையையும் முதலில் சுவாசித்தவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்கள்தாம்.

அந்த வழக்கம் மாறியது என்பதுதான் நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய செய்தி. கோல்டன் ஹோப் என்ற நம் நாட்டுத் தோட்ட நிறுவனம், தீ வைக்காமலே மறுநடவு செய்யும் முறையைத் தன் தோட்டங்களில் கையாண்டது. பழைய மரத்தைச் சாய்ப்பது. துண்டு துண்டாகச் செதுக்குவது. நிரைகளுக்கு இடையே வரிசையாகக் குவிப்பது. மண்ணை மூடும் பயற்றங்கொடியை மேலே படர விடுவது. மரம் மக்கி உரமாகிறது. எரித்தால் காற்றோடு போகும் சத்து மண்ணிலேயே தங்குகிறது. இந்த முறைக்காக 1992ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு சுற்றுச்சூழல் அமைப்பு அந்த நிறுவனத்துக்கு 'குளோபல் 500' விருதை அளித்தது. 1998இல் நம் நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டமும் திருத்தப்பட்டது. திறந்த வெளியில் எரிப்பவருக்கு 5 இலட்சம் வெள்ளி வரை அபராதமும், 5 ஆண்டு வரை சிறையும் அப்போது விதிக்கப்பட்டன. தீ இல்லாமல் தோட்டம் இல்லை என்று நூறாண்டுகள் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை தவறு என்பதை, மரத்தைச் செதுக்கிய, கொடி விதை போட்ட தோட்டத் தொழிலாளரின் கைகளே காட்டின.

இந்த வரலாறு நம் வீட்டுக்கு என்ன சொல்கிறது?

முதலாவது, புகைக்கும் ஒரு காலம் உண்டு. தீபாவளிக்கும் பள்ளித் தவணைக்கும் நாள் பார்ப்பது போல, ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை நாம் விழிப்பாக இருக்க வேண்டும். அந்த மாதங்களில் விடிவதற்கு முன் நீரிணைப் பக்கமிருந்து இடியோடு வரும் காற்றுமழையை நாம் அறிவோம். 'சுமத்ரா' என்று அதைச் சொல்வார்கள். அது வந்தால் அன்று பால்வெட்டு போய்விட்டதே, மங்கில் தண்ணீர் நிறைந்துவிட்டதே என்று வருந்துவோம். கூலி போவது நட்டந்தான். ஆனால் காற்றைக் கழுவித் தருவதும் அந்த மழைதான். அது பல நாள் வராமல், தென்மேற்குக் காற்று மட்டும் வீசினால், ஐ.பி.யு. எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் வேண்டும். ஒரு காலத்தில் இந்த எண் மக்களுக்குச் சொல்லப்படாமல் இருந்தது. 2005ஆம் ஆண்டுப் புகையின்போதுதான் மீண்டும் வெளியிடப்பட்டது. 2018 முதல், தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நுண்துகளையும் அதில் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது.

இரண்டாவது, புகை எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. கைக்குழந்தைகள், வயதானவர்கள், கருவுற்ற பெண்கள், இளைப்பு நோயும் இருதய நோயும் உள்ளவர்கள் ஆகியோரை அது முதலில் தாக்கும். புகை நாளில் பிள்ளைகளைத் திடலில் விளையாட விடக் கூடாது. கதவு சன்னல்களைச் சாத்தி வைக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். நுண்துகளைத் துணி தடுக்காது. அதற்கென்று உள்ள என்-95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் தடுக்கும். மூச்சுத் திணறினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளிக்காட்டு வேலைக்குப் போவோர், எண் 200ஐத் தாண்டும் நாட்களில் என்ன ஏற்பாடு என்று நிர்வாகத்திடம் சங்கத்தின் வழியாக முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. புகை வந்த பிறகு பேசுவதற்கு நேரம் இருக்காது.

மூன்றாவது, நம் வாசல். மாலையில் குப்பையையும் காய்ந்த சருகையும் கூட்டி, வீட்டுக்குப் பின்னால் தீ வைப்பது நம்மிடையே நெடுநாள் பழக்கம். இப்போது அதோடு நெகிழிப் பைகளும் சேர்ந்து எரிகின்றன. நாம் மேலே சொன்ன மூடிக் காற்றை நினைவில் கொள்ளுங்கள். அந்தி சாயும் நேரத்தில் மூட்டிய புகை வானத்துக்குப் போவதில்லை. நம் கூரைக்குக் கீழேயே இரவு முழுதும் தங்குகிறது. சருகைக் குழியில் போட்டு மக்க விட்டால் அடுத்த ஆண்டு வாழைக்கும் முருங்கைக்கும் அதுவே உரம். பெரிய தோட்டத்தில் செய்து காட்டியதைச் சிறிய கொல்லையில் செய்ய முடியாதா?

ரியாவில் கரிமண்ணின் மேல் குடிசை போட்டு வாழும் தாயும், மூவாரில் மகனை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணும் தாயும் ஒரே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். புகைக்குக் கடப்பிதழ் தேவையில்லை. மலை அங்கேயே இருக்கும். நீரிணை அங்கேயே இருக்கும். ஆண்டுதோறும் தென்மேற்குக் காற்றும் வந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்றின் மேல் நாம் எதை ஏற்றி அனுப்புகிறோம் என்பது மட்டுமே மனிதரின் கையில் இருக்கிறது. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டு வளர்ந்தால், வருங்கால மூவார் நல்ல காற்றோடு விடியும்.